நாற்பத்தேழாம் நம்பரின் ஞாயிற்றுக்கிழமைகள்

அடுத்த மாதப் பட்டியலிலும் நாற்பத்தேழாம் நம்பர் நர்ஸுக்கு நான்கு ஞாயிறும் டூட்டி விழுந்திருந்தது.

துருவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடி சுத்தமானது. பட்டியல் மாறவில்லை.

துருவி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எதைக் கொடுத்தாலும் துருவித் துருவிப் பார்க்கிறவர் என்பதால் அலுவலகம் வைத்த பெயர். அந்த அலுவலகத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்காக சாஃப்ட்வேர் எழுதினார்கள். எந்த நர்ஸுக்கு எந்த நாள் டூட்டி என்று அதுதான் முடிவு செய்யும். மொத்தம் அறுபது நர்ஸுகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு டூட்டி, இரண்டு ஞாயிறு லீவு என்பது விதி. ஐம்பத்தொன்பது பேருக்கு விதி ஒழுங்காக வேலை செய்தது. நாற்பத்தேழுக்கு மட்டும் எட்டு மாதமாக ஒரு ஞாயிறுகூட லீவு இல்லை.

அதன் புதிய பதிப்பு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கைக்குப் போகிறது. அதற்குள் பரிசோதித்து "குறையில்லை" என்று கையெழுத்துப் போட வேண்டியவர் துருவி. வேலையைக் கொடுக்கும்போதே மேலாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா இந்த வேலையில கை வைக்கக் கூடாது. ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. பின்னால தெரிஞ்சுதுன்னா வேலைக்கே உலை."

"யாரும் இல்ல சார்" என்றார் துருவி.

அது பொய் அல்ல என்று அவர் தமக்குள் வாதாடிக்கொண்டார். நாற்பத்தேழாம் நம்பர் அவருடைய மனைவி. கட்டின மனைவியை யாராவது 'தெரிஞ்சவங்க' கணக்கில் சேர்ப்பார்களா?

இந்த வேலையில் இருப்பதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியில் வாய் தவறிச் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் மேலாளருக்குத் தெரியும். காதும் காதும் வைத்தாற்போலப் பிழையைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் அவளுக்கு ஞாயிறுகளை மீட்டுக் கொடுப்பது என்பது திட்டம்.

எட்டு மாதமாக அவர் ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். வீட்டைப் பரிசோதித்தார். சமையலறை டப்பாக்களுக்கு எண் ஒட்டினார். எந்தக் குழாய் எத்தனை நொடிக்கு ஒரு சொட்டு விடுகிறது என்று எழுதி வைத்தார். எந்த ஜன்னல் எந்தக் கோணத்தில் கிரீச்சிடும் என்று எழுதி வைத்தார். நோட்டில் இதுவரை நூற்றுப் பன்னிரண்டு குறைகள். ஒரு ஞாயிறு கிடைத்தால் போதும், மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, டீ குடித்துக்கொண்டே, முதல் குறையிலிருந்து கடைசிக் குறை வரை நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று அவளும் நோட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். "என்ன பண்றது, ஞாயித்துக்கிழமையானா கம்ப்யூட்டர் என்னையே போடுது. பாவம் நீங்க."

அந்தப் 'பாவம்' துருவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

திங்கட்கிழமை காலை வேலையைத் தொடங்கினார். பட்டியல் போடும் நிரல் சர்வருக்குள் குடியிருந்தது. காம்போனென்ட் என்பார்கள். அதைத் தம் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டார். 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இல்லை. கண்ணெதிரே வேலை செய்கிறது, கூப்பிட்டால் ஆள் இல்லை என்கிறது!

அதை எழுதிய பெண்ணிடம் போனார். அவளுக்கு ராக்கெட் என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்துவிடுவாள்.

"என்னம்மா, உங்க காம்போனென்ட்டைக் கூப்பிட்டா..."

"எங்கேருந்து கூப்பிட்டீங்க சார்?"

"என் சீட்டுலேருந்துதான்."

"அங்கேருந்தெல்லாம் கேக்காது. அதுக்கு லோக்கல் இன்டர்ஃபேஸ் மட்டும்தான். அதே சர்வருக்குள்ள குடியிருக்கறவங்க கூப்பிட்டாத்தான் திரும்பியே பாக்கும்."

"வெளியிலேருந்து தட்டினா?"

"தட்டறதுக்குக் கதவு வேணும்ல? உள்வாசல் மட்டும்தான் சார் இருக்கு, தெருவாசலே கிடையாது. வேணும்னேதான் வைக்கல. ஆஸ்பத்திரி விவரமெல்லாம் உள்ள இருக்கு. போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நான் எப்படிம்மா டெஸ்ட் பண்றது?"

"அதை யோசிக்கத்தானே சார் உங்களை வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ராக்கெட் பறந்தது.

துருவி யோசித்தார். உள்ளே போக முடியாவிட்டால் என்ன, அதை வெளியே கொண்டுவரலாம். செவ்வாய்க்கிழமை காம்போனென்ட்டைப் பிரதி எடுத்து, தம்முடைய கம்ப்யூட்டரிலேயே ஓட விட்டார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. முடிவெடுக்கும் முன் அது சர்வருக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேரைக் கலந்து பேசும். வெளியே அக்கம்பக்கத்துக்கு எங்கே போவது? அவர்களுடைய இடத்தில் ஆளுக்கொரு பொம்மையை நிறுத்தினார். எதைக் கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்று தலையாட்டும் பொம்மைகள்.

ஓட்டிப் பார்த்தார். அறுபது பேருக்கும் பச்சை டிக். நாற்பத்தேழுக்கு இரண்டு ஞாயிறு லீவு!

துருவி மேலாளர் அறைக்கு ஓடினார். "சொக்கத்தங்கம் சார். ஒரு குறை கிடையாது."

"நீங்களே சொல்லிட்டீங்களா? அப்ப பூமி நிஜமாவே உருண்டைதான்" என்று மேலாளர் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை தலைமை நர்ஸ் நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு ஆயிற்று.

அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அடுத்த மாசம் உனக்கு ரெண்டு ஞாயிறு லீவு வரும் பாரேன்."

அவள் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மனசு சொல்லுது."

"ஓகோ" என்றாள். சட்டையை மடித்து முடித்தாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

புதன்கிழமை காலை வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். "ஹெட் நர்ஸைப் பாக்கணும், ஒரு விஷயம்" என்றாள். நல்லது நடக்கும் முன்னே நன்றி சொல்லப் போகிறாள், என்ன மனசு என்று துருவி உருகிப்போனார்.

அலுவலகம் வந்து சர்வர் போட்ட பட்டியலைத் திறந்தார். நாற்பத்தேழுக்கு நான்கு ஞாயிறும் டூட்டி. அதோடு போகவில்லை. அடுத்த மாதத்தில் வரும் பொது விடுமுறை நாளிலும் டூட்டி! அது நேற்று வரை இல்லை.

வீட்டில் புலி வெளியில் எலி என்று மனிதர்களைச் சொல்வார்கள். வெளியில் பூனைபோல் இருந்த காம்போனென்ட், உள்ளே போனதும் புலியாகிவிட்டது.

"அம்மா, இது என் மேசையில ஒழுங்கா இருந்துச்சே!"

"உங்க மேசையில அதுக்குப் பேச்சுத்துணை பொம்மைங்கதானே சார்" என்றாள் ராக்கெட். "அது நடக்கிற இடத்துலயே வச்சுப் பாருங்க. டெஸ்ட்டைத் தூக்கி சர்வருக்குள்ளயே போட்டுடுங்க. உள்ள இருக்கறவன் கூப்பிட்டா உள்வாசல் திறக்கும். ரிசல்ட்டை மட்டும் ஒரு பக்கத்துல காட்டச் சொல்லுங்க, இங்க உக்காந்து பாத்துக்கலாம்."

ஒற்றனை உள்ளே குடிவைக்கும் யோசனை துருவிக்குப் பிடித்திருந்தது. பரிசோதனையைச் சர்வருக்குள் ஏற்றினார். உள்ளிருந்து கூப்பிட்டதும் காம்போனென்ட் மறு பேச்சில்லாமல் பதில் சொன்னது. திரையில் வரிசையாகப் பச்சை, பச்சை, பச்சை. நாற்பத்தேழில் மட்டும் சிவப்பு. நாற்பத்தெட்டிலிருந்து மறுபடியும் பச்சை.

"அறுபதுல ஒண்ணுதானே. எதுக்கு இந்த நாப்பத்தேழையே பிடிச்சுத் தொங்கறீங்க?" என்றார் பின்னால் வந்து நின்ற மேலாளர்.

துருவி அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொள்கை சார்."

"என்ன கொள்கை?"

"அறுபதும் ஒண்ணு, ஒண்ணும் அறுபது."

மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. பிடிபடாத எதையும் அவர் மதிப்பார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு கைக்கு வராது என்ற பயம் துருவிக்கு வந்துவிட்டது. மலை நம்மிடம் வராவிட்டால் நாம்தான் நடக்க வேண்டும். அடுத்த மாதப் பட்டியலில் மனைவிக்குப் புதன்கிழமைகளில் ஓய்வு. அதில் மூன்றாவது புதனுக்குத் தாமும் லீவு எழுதிக் கொடுத்தார். அன்று மாலை வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

"மூணாவது புதன் நானும் லீவு போட்டாச்சு. நாள் முழுக்க வீட்டுலதான்."

"எதுக்குங்க வீணா லீவைக் கரைக்கிறீங்க?" என்று பதறினாள் மனைவி.

"உனக்காகத்தான். நோட்டை எடுத்து வச்சிருக்கேன்."

அவள் ஒன்றும் பேசவில்லை. பேச்சு வராத அளவுக்கு நெகிழ்ந்துவிட்டாள் என்று துருவி அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை. வியாழக்கிழமையும் அவள் சீக்கிரமாகவே கிளம்பினாள்.

வியாழக்கிழமை துருவி வேறு வழியில் இறங்கினார். நியாயப்படி பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று தம் கையாலேயே எழுதினார். நாற்பத்தேழுக்கு இரண்டு ஞாயிறு லீவு. அதையே காம்போனென்ட்டிடம் கொடுத்து, 'உன் கணக்கைப் போடு' என்றார். பிறகு அது போட்டதையும் தாம் எழுதியதையும் ஒப்பிட்டார்.

அறுபதும் பச்சை!

துள்ளிக் குதித்து எழுந்தவர், எழுந்த வேகத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பச்சைதான். ஆனால் நாற்பத்தேழுக்கு நான்கு ஞாயிறும் டூட்டி. தாம் எழுதிய பட்டியலைப் பார்த்தார். அதிலும் நான்கு ஞாயிறும் டூட்டி! இரண்டு ஞாயிறு லீவு என்று எழுதிய கை இன்னும் வலிக்கிறதே?

திரும்ப எழுதினார். திரும்பவும் பச்சை. திரும்பவும் அவருடைய பட்டியல் தானாக மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ மனைவிக்குச் சூனியம் வைத்ததுபோல் இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக 'எல்லா நர்ஸும் எல்லா நாளும் டூட்டி' என்று அபத்தமாக ஒன்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் பச்சை.

"இது என்ன கொடுத்தாலும் சரிங்குதே அம்மா! தலையாட்டிப் பொம்மையா மாறிடுச்சா?"

ராக்கெட் ஒரு நிமிடம் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், உள்வாசல் வழியா ஒண்ணைக் குடுத்தா நகல் எடுத்துக் குடுக்கிற வழக்கம் இல்ல. அதையே குடுக்கிறோம். நீங்க எழுதின பட்டியல் மேலயே அது தன் கணக்கை எழுதிடுச்சு. அப்புறம் அதையும் அதையும் ஒப்பிட்டா வித்தியாசம் எப்படி வரும்? சரியான விடைத்தாளை அழிச்சு அது மேலயே பரீட்சை எழுத விட்டுட்டு, அதையே வச்சுத் திருத்தி நூத்துக்கு நூறு போட்டிருக்கீங்க!"

இருபது வருட அனுபவம் காற்றில் பறந்தது. துருவி சீட்டுக்கு வந்தார். பட்டியலுக்கு இந்தமுறை நகல் எடுத்துக்கொண்டார். கடைசி அஸ்திரமாக ஒன்று பாக்கி இருந்தது. எந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று ஒரு தாள் உண்டு. எல்லா வார்டுக்கும் பூஜ்யம் என்று அதை மாற்றினார். யாருமே வேண்டாம் என்றால் யாரையும் போடக்கூடாது அல்லவா? பார்ப்போம்.

ஓட்டினார். மாதம் முழுவதும் ஐம்பத்தொன்பது பேருக்கும் லீவு.

நாற்பத்தேழுக்கு மட்டும் டூட்டி. நான்கு ஞாயிறு. பொது விடுமுறை நாள். புதிதாக, மூன்றாவது புதன்கிழமை.

துருவி திரையருகே குனிந்து பார்த்தார். யாருமே தேவையில்லை என்றபோதும் அவள் மட்டும் வேண்டுமாம். அதுகூடப் போகட்டும், மூன்றாவது புதன் தமக்கு லீவு என்று இந்த இயந்திரத்துக்கு யார் சொன்னது? சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையிலிருந்த டீ கப்பை எடுத்து அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை.

குழப்பத்தில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. பட்டியலுக்கு நகல் எடுத்தவர், வார்டுத் தாளுக்கு எடுக்கவில்லை. நர்ஸுகள் ஓய்வறையில் மாட்டியிருக்கும் திரை புதிய பதிப்போடு ஒத்திகைக்காகப் புதன்கிழமையே இணைக்கப்பட்டிருந்தது. அதை ஓட்டும் நிரலும் அதே சர்வருக்குள் குடியிருந்து அதே தாளைத்தான் படிக்கும்.

மாலை மனைவி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"தெரியுமா? அடுத்த மாசம் எல்லாருக்கும் லீவாம். ஞாயித்துக்கிழமை மொத்த ஆஸ்பத்திரிக்கும் நான் ஒருத்திதானாம். எழுதியே போட்டுட்டாங்க!"

வார்டுத் தாளில் தாம் போட்ட பூஜ்யங்கள் துருவிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. "ஐயோ... எத்தனை பெட்?"

"முந்நூத்தி இருபது."

"நீ என்ன சொன்னே?"

"பரவால்ல, சமாளிச்சுக்கலாம்னு சொன்னேன்."

முந்நூற்று இருபது நோயாளிகளைத் தனி ஒருத்தியாக! அந்தத் தியாகத்தைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. இனியும் ஒளிந்துகொண்டிருந்தால் தாம் மனுஷனே இல்லை என்று முடிவு செய்தார். வேலை போனால் போகட்டும். இந்த அநியாயத்தைத் தலைமை நர்ஸ் முகத்துக்கு நேராகக் கேட்டே தீர வேண்டும்.

வெள்ளிக்கிழமை தலைமை நர்ஸ் வந்தார். கனத்த உருவம், கையில் கனத்த பதிவேடு. கூட்ட அறையில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"யாருய்யா என் ஆஸ்பத்திரிக்கு லீவு விட்டது? நேத்து சாயங்காலம் அம்பத்தொன்பது பேரும் பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க! ரெண்டு பேரு டிக்கெட்டே எடுத்துட்டாங்க!"

மேலாளர் ராக்கெட்டைப் பார்த்தார். ராக்கெட் துருவியைப் பார்த்தாள். துருவி மேசையைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்" என்று எழுந்தார். "டெஸ்ட் பண்றப்போ கை தவறிடுச்சு. மன்னிச்சுக்குங்க. ராத்திரியே சரி பண்ணிட்டோம்."

"சரி பண்ணியாச்சுன்னா கையெழுத்தைப் போட்டுக் குடுங்க. வார்டு நிறைய வேலை கிடக்கு."

"போடுங்க துருவி" என்று மேலாளர் காகிதத்தை நகர்த்தினார்.

"போட முடியாது சார்."

மேலாளரின் முகம் கறுத்தது. "ஏன்?"

"பிழை இருக்கு. நாப்பத்தேழு."

"மறுபடியும் நாப்பத்தேழா?" மேலாளர் மேசையைத் தட்டினார். "அஞ்சு நாளா பாக்கறேன். நாப்பத்தேழு, நாப்பத்தேழுன்னு ஜபம். உண்மையைச் சொல்லுங்க துருவி, உங்களுக்கும் அந்த நர்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

துருவி மேலாளரைப் பார்த்தார். இருபது வருட வேலை கண்முன்னே ஓடியது. முந்நூற்று இருபது கட்டில்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக ஓடும் மனைவியும் கண்முன்னே வந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சொல்றேன் சார். எட்டு மாசமா ஒரு பொண்ணுக்கு ஒரு ஞாயிறுகூட லீவு கிடையாது. போதாததுக்கு இந்த வாரம் லீவு நாளும் போச்சு, புதன்கிழமையும் போச்சு. யாருமே வேணாம்னாக்கூட இது அவளை மட்டும் போடுது. இதுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க. அந்தப் பொண்ணு வாயைத் திறக்க மாட்டா, ஆனா அவளுக்காகக் கேக்க ஒருத்தன் இருக்கான். அவ வேற யாரும் இல்ல சார், அவ..."

"நாப்பத்தேழா?" என்று இடைமறித்த தலைமை நர்ஸ் பதிவேட்டைப் பட்டென்று திறந்து, விரலால் தேடி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "அதுல மட்டும் கையை வச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும். எட்டு மாசமா அந்தப் பொண்ணு தானே எழுதிக் குடுத்து, கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கிற டூட்டி அது. அந்த நாளெல்லாம் அவங்க வீட்டுக்காரருக்கு லீவாம்!"